தாழ்வான கதவு

பழைய சாங்கான் நகரத்துக் கிணறுகள் உப்பாகிப்போனதால், புதிதாகக் கட்டிய தலைநகருக்கு எல்லோரும் குடிபெயர வேண்டும் என்று பேரரசர் ஆணையிட்டார். கொத்தனார் தூ லியாங்குக்கும் அவன் மனைவி யுன்னியாங்குக்கும் தெற்குக் கோடியில் மனை கிடைத்தது. தெரு அகலம், வீடுகள்தான் இல்லை. சுற்றிலும் தினை வயல்.

தூ லியாங் புழக்கடையில் கிணறு வெட்டினான். தண்ணீர் அவ்வளவு ருசி. உள்ளே கட்டிய பழஞ்செங்கல் ஏது என்று யுன்னியாங் கேட்டதற்கு, ஏதோ இடிந்த சுவரில் எடுத்ததாகச் சொன்னான்.

பத்து நாள் கழித்து, உச்சிவேளையில் அவள் தினை புடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். அகலக் கை வைத்த, யாரும் இப்போது உடுத்தாத அங்கி. இமைமுடியெல்லாம் மண். கோழிகள் அங்கே யாரும் இல்லாததுபோல அவள் காலடியில் கொத்திக்கொண்டிருந்தன.

"அக்கா, இங்க என் வீடு இருந்துச்சே, பாத்தீங்களா?"

"இது புது ஊரும்மா. இங்க யாரு வீடும் இருந்ததில்ல."

"கதவு கெழக்க பாத்து இருக்கும். குனிஞ்சுதான் போகணும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாளும் வந்து அதையே கேட்டாள். மூன்றாம் நாள் யுன்னியாங் புழக்கடைக்குப் போனபோது, அவள் கிணற்றுக்குள் கைவிட்டுச் செங்கற்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அன்று புருஷனை விடாமல் கேட்டதில் உண்மை வந்தது. தோண்டும்போது செங்கல் அறையாகக் கட்டிய கல்லறை ஒன்று அகப்பட்டிருக்கிறது; அந்தச் செங்கலைத்தான் கிணற்றுக்கு வைத்திருக்கிறான். அதிகாரிகளிடம் சொன்னால் மனையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து மறைத்துவிட்டான்.

"எலும்பெல்லாம் எங்க?"

அவன் தலை நிமிரவில்லை. "தெரு மதில் எழுப்ப மண்ணக் கொட்டி இடிச்சுக் கெட்டிப்படுத்திக்கிட்டிருந்தாங்க. அதுல கொட்டிட்டேன்."

மதிலை உடைத்தால் தலை போகும். ஆகவே கிணற்றுச் செங்கலைப் பெயர்த்து, வயலோரம் பள்ளம் தோண்டி, கிழக்கு பார்த்த தாழ்வான கதவோடு அந்த அறையை மறுபடி கட்டினார்கள். எலும்புக்குப் பதிலாக யுன்னியாங் தன் நல்ல அங்கியை உள்ளே மடித்து வைத்தாள்.

உச்சிவேளையில் அந்தப் பெண் வந்தாள், குனிந்து உள்ளே போனாள். தூ லியாங் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கதவு வாயைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னாள் மனைவி, அடைத்தான். கடைசிக் கல்லை வைக்கும்போது உள்ளிருந்து குரல் அவனுக்கும் கேட்டது.

"அக்கா, என் உடம்பு எங்க?"

அவன் கை நின்றுவிட்டது. யுன்னியாங் அந்தக் கல்லை வாங்கித் தானே வைத்து, சுற்றிலும் சாந்து பூசினாள்.

அந்த மழைக்காலத்தில் கிணறு சரிந்து தூர்ந்தது. அதன்பிறகு அவர்கள் கால்வாய்த் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.