அடுப்புக் கம்பியில் ஒரு பெருவிரல் பள்ளம்

1.

இந்தக் கதை எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. கடைக் கதவின் கொண்டியை நிமிர்த்த ராஜபாளையத்தில் வைகுண்டராஜின் கொல்லுப் பட்டறைக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் வத்தல் வியாபாரம். எதை வாங்கினாலும் மேலே கொஞ்சம் கேட்காமல் திரும்பும் பழக்கம் எங்களுக்கில்லை. கொண்டி கைக்கு வந்ததும் கேட்டேன்: "மூலையில நெருப்போட மல்லுக்கட்டுறாரே, அவர் யாரு?"

"மிலிட்டரியா இருந்தவரு. ஊருக்கு வந்து எட்டு மாசம். வீட்டம்மாவுக்கு அடுப்பு கிளற கம்பி வேணுமாம். கடையில வாங்க மாட்டாராம், அவரேதான் அடிப்பாராம்."

2.

அவரிடம் பேச்சுக் கொடுத்தபடியே பட்டறை ஓரத்தில் இதைக் கதையாக எழுத ஆரம்பித்தேன். முதல் தொடக்கம்: "கனன்ற உலையின் முன் மிலிட்டரிக்காரர் பாண்டிச்செல்வம் போர்க்களத்தில் நிற்பவரைப் போல…" வேண்டாம். பொய். ரேஷன் கடை வரிசையில் நிற்பவரைப் போலத்தான் நின்றார்.

இரண்டாவது: "ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் மனைவி மாரிக்கனி பால்கோவா கிண்டுகிறாள். வலது கையால் அடுப்பைக் கிளறுகிறாள். கம்பி குட்டை; மணிக்கட்டில் சுட்டுவிட்டது." இது இருக்கட்டும். (இதில் ஒரு சொல் தப்பு. எழுதும்போது எனக்கும் தெரியாது.)

3.

சூடு பட்ட மறுநாள் உதவப் போனவரை, "அடுப்புப் பக்கம் வராதிய" என்று ஒரே பேச்சில் திருப்பிவிட்டாளாம் மாரிக்கனி. இருபத்திரண்டு வருடம் எல்லையில் இருந்தவருக்கு, சொந்த வீட்டின் அடுப்பங்கரைக்குள் நுழைய அனுமதி இல்லை. அனுமதிச் சீட்டாகத்தான் இந்தக் கம்பி.

உலைக்குள் கம்பியைத் திருப்பினார். நுனியில் பொறி பூப்பூவாகச் சிதறியது. முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"மிலிட்டரி, தீபாவளி கொண்டாடுறியளா? இரும்பு கருகுது, வெளிய எடுங்க!" என்று கத்தினார் அவரைவிட இருபது வயது இளைய வைகுண்டராஜ்.*

விறகை இழுக்க, கம்பி நுனியை இடப்பக்கமாகக் கொக்கிபோல் வளைத்தார். பிடியின் மேல்புறத்தைத் தட்டித் தட்டி, பெருவிரல் பதிய ஒரு பள்ளம் செய்தார். தன் வலது கையால் பிடித்துப் பார்த்தார். கச்சிதம்.

* கருகிய நுனியை வெட்டி எறிந்தார்கள். நானும் இந்தப் பகுதியை மூன்று முறை வெட்டினேன். எனக்கென்ன, கம்பி அவருடையது.

4.

அவர் பஸ் ஏறினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, நானும் ஏறினேன்.

[மாரிக்கனி கண் கலங்கி வாங்கிக்கொள்வதாக பஸ்ஸிலேயே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நேரில் பார்த்த பிறகு அதைக் கிழித்தேன்.]

நாங்கள் போனபோது அடுப்பின் முன் நின்ற அவள் திரும்பக்கூட இல்லை. வலது கை துடுப்பைச் சுழற்றிக்கொண்டிருந்தது. பால் குறுகும் நேரத்தில் துடுப்பு நின்றால் அடிப்பிடித்துவிடும். இடது கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"என்ன முழிக்கிய? தாங்க."

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது, அவருக்கும் எனக்கும். கிண்டும் கை வலது. கிளறும் கை இடது. சூட்டுத் தழும்பும் அதில்தான் இருந்தது. அவர் எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறார். நான் ஒரு பக்கம் எழுதியே முடித்திருந்தேன்.

பெருவிரல் பள்ளத்தில் உட்கார்ந்தது. கொக்கியோ எதிர்த்திசையைப் பார்த்தது. புளியங்கட்டையை இழுக்க வேண்டியது, அடுப்புச் சுவரைச் சுரண்டியது.

"நல்லாத்தான் அடிச்சிருக்கிய. யாருக்கு அடிச்சிய?"

"மாரி, இந்தா மாத்திட்டு வாரேன். அஞ்சு மணி பஸ்ஸு…"

"அதுவரைக்கும் தீ காத்திருக்குமாக்கும்?"

5.

முடிவு அ: அவர் பட்டறைக்குத் திரும்பி ஓடுகிறார். ஒழுங்கான முடிவு, ஆனால் விலை போகாது.

முடிவு ஆ: பழைய குட்டைக் கம்பியையே அவள் எடுக்கிறாள். இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். தீ தணிந்துகொண்டிருந்தது. அவள் அவரைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், சட்டென்று துடுப்பை அவர் பக்கம் நீட்டினாள்.

"பிடிங்க. செத்த நேரம். கைய நிப்பாட்டுனிய, அம்புட்டும் போச்சு."

அவர் பிடித்தார். அவள் கம்பியை வலது கைக்கு மாற்றிக் குனிந்தாள். கொக்கி கட்டையைக் கவ்வியது.

பால் அடிப்பிடித்ததா என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். உங்கள் வீட்டு அடுப்பை நினைத்து நீங்களே முடிவு செய்யுங்கள். வாசலில் நின்ற என் காதில் கடைசியாக விழுந்தது, அந்த மனிதர் அவளிடம் கேட்ட கேள்வி:

"மாரி, எந்தப் பக்கமாச் சுத்தணும்?"