தொண்ணூற்று நாலு மார்க்

நாற்பது மணி நேர இணையவழிப் பயிற்சியில் நான் தொண்ணூற்று நாலு மார்க் வாங்கினேன். அலுவலகத்தில் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். குலுக்க வேண்டிய கை என் மனைவியுடையது என்பதை அப்போது நான் சொல்லவில்லை.

மின்துறையில் எனக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். பாதுகாப்புப் பிரிவுப் பொறியாளர். பாதுகாப்பு என்றதும் துப்பாக்கி, மீசை என்று கற்பனை செய்ய வேண்டாம். உயர் அழுத்த மின்பாதையில் ஒரு மரக்கிளை விழுந்தால் இமைக்கிற நேரத்துக்குள் மோப்பம் பிடித்து, பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் பெட்டி ஒன்று உண்டு. அதற்கு ரிலே என்று பெயர். அந்தப் பெட்டிகள் விழித்திருக்கின்றனவா என்று சோதித்துப் பார்ப்பது என் பிழைப்பு. மற்றபடி நான் நன்றாகத் தூங்குகிறவன்.

எங்கள் கோட்டத்துக்குப் புதிதாக ஒரு துணை மின்நிலையம் வந்தது. பழைய நிலையத்தில் ரிலேக்கும் பிரேக்கருக்கும் நடுவே செம்புக் கம்பிகள் கத்தை கத்தையாக ஓடும். புதியதில் அந்தக் கத்தைகள் இல்லை. எல்லாப் பெட்டிகளும் மெல்லிய கண்ணாடி இழை வழியே ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும். அங்கே வேலை செய்ய அனுமதி அட்டை வேண்டும். அட்டைக்கு நாற்பது மணி நேர வீடியோப் பாடம், அதன்பின் நேரில் ஒரு செய்முறைத் தேர்வு. தேறாதவர்களுக்குப் பதிவேட்டு அறை. அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. ஓய்வு பெற்றதாக மட்டும் உண்டு.

வீடியோவில் பேசியவருக்குத் தாலாட்டுக்கென்றே செய்த குரல். ஏழாவது நிமிஷத்தில் என் தலை சாயும். பன்னிரண்டாவது நிமிஷத்தில் திரையில் ஒரு கட்டம் முளைத்து, ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்கும். பட்டனை அமுக்காவிட்டால் பாடம் முதலிலிருந்து தொடங்கும். என் மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். முதல் நாள் மெஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள்.

“ஏங்க, இருக்கீங்களான்னு கேக்குது.”

“இருக்கேன்னு சொல்லு” என்றேன், கண்ணைத் திறக்காமல்.

அவ்வளவுதான், ஆரம்பம். மடிக்கணினி தையல் மெஷினுக்குப் பக்கத்தில் குடியேறியது. பட்டன் கட்டுகிறவளுக்கு இன்னொரு பட்டனை அமுக்குவது பாரமா என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பத்துக் கேள்விகள். முதல் பாடத்தில் எனக்கு ஐந்துக்கு விடை தெரிந்தது, அவளுக்கு ஏழுக்கு. மூன்றாம் பாடத்திலிருந்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, உங்கள் புது ரிலேக்கள் என் அண்ணன் தம்பிகளைப் போலத்தான் என்றாள். யாரும் யாரிடமும் நேராகப் பேசுவதில்லை. பொதுவில் நின்று கத்துகிறார்கள், யாருக்கு வேண்டுமோ அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நான் சிரித்தேன். இதே விஷயத்தைப் பாடத்தில் எட்டுப் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

செய்முறைத் தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. தேர்வாளர் எங்கள் செயற்பொறியாளர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் அவரை ‘மேடம்’ என்பேன், அவர் என்னை ‘சார்’ என்பார். மரியாதை மாறுதிசை மின்னோட்டம் போல இரண்டு பக்கமும் ஓடும்.

புது நிலையத்தின் ரிலே அறை குளிர்ந்து கிடந்தது. சாம்பல் நிறப் பலகைகள் வரிசையாக நின்றன. சிலவற்றின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. வடக்குப் பாதையின் முதல் ரிலேயைச் சோதித்து, மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும். திரையில் ரிலேயை டெஸ்ட் மோடுக்கு மாற்றினேன். பொய்யாக ஒரு கோளாறைக் கொடுத்தேன். இருபது மில்லி செகண்டில் கண்டுபிடித்துவிட்டது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. மேடம் தலையசைத்தார். அப்போது அவருக்கு ஒரு போன் வர, பேசிக்கொண்டே வெளியே போனார்.

இந்த இடத்தில் என் மூளையின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய ரிலேயைச் சோதிக்க ஒரு பிளக்கைச் செருகுவோம். சிவப்புக் கைப்பிடி, ஒரு சாண் நீளம், மூக்கு மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் பலகையின் கதவைச் சாத்த முடியாது. மறந்துவிட்டுப் போகலாம் என்று நீங்களே ஆசைப்பட்டாலும் கதவு விடாது. அதனால் இருபத்தெட்டு வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று: கதவு மூடினால் வேலை முடிந்தது.

கதவைச் சாத்தினேன். ‘டக்’ என்று மூடியது. தாளில் ‘ரிலே பணியில் சேர்க்கப்பட்டது’ என்ற வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்த மேடம் மூடிய கதவைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார், பக்கத்தில் தன்னுடையதையும் போட்டு வாழ்த்துச் சொன்னார். அட்டை வெள்ளிக்கிழமை கைக்கு வந்துவிடும் என்றார்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது மனைவி ஒரு பள்ளிச் சீருடைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். என் வீரப் பிரதாபங்களைச் சற்று விரிவாகவே சொன்னேன். இருபது மில்லி செகண்டை இரண்டு தடவை சொன்னேன். அவள் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு ஊசியை எடுத்தாள்.

“கடைசியா டெஸ்ட் மோட எடுத்துட்டீங்கல்ல? ஆறாவது பாடத்துல அந்தாளு மூணு தடவ சொன்னாரே. எடுக்காம விட்டா ரிலே கத்துமாம், ஆனா கூடவே ‘இது ஒத்திகைதான்’னு சொல்லிக்கிட்டே கத்துமாம். பிரேக்கர் கண்டுக்கவே கண்டுக்காதாம்.”

“எடுக்காம இருப்பேனா?” என்றேன். சின்ன வயதில் வீட்டுப்பாடம் முடித்துவிட்டாயா என்று அப்பா கேட்டபோது வந்த அதே குரல்.

முகம் கழுவப் போனேன். குழாயைத் திறந்தபடி காலையில் செய்ததை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது சோதனை. மேடத்தின் போன். கதவு. ‘டக்.’ சோதனைக்கும் கதவுக்கும் நடுவே என் விரல் திரையைத் தொட்டதாக எனக்கு எந்த ஞாபகமும் இல்லை. தொட்டிருக்கலாம் என்று நினைக்க எவ்வளவோ முயன்றேன். தொட்டி நிரம்பி வழிந்ததுதான் மிச்சம்.

பதறவில்லை. பதற வேண்டியதும் இல்லை. அந்தப் பாதைக்கு இரண்டாவதாக ஒரு ரிலே இருக்கிறது. முதல் ரிலேயின் பேச்சு எடுபடாவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் நாளைக் காலை எட்டு மணிக்கு அந்த இரண்டாவது ரிலேயையும் சோதனைக்காக வெளியே எடுக்கிறார்கள். முதலாவது நன்றாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே, அந்த தைரியத்தில். எட்டிலிருந்து மூன்று மணி நேரம் வடக்குப் பாதைக்குக் காவலே இருக்காது. அந்த நேரத்தில் கம்பி அறுந்து விழுந்தால் அது கீழே மின்சாரத்தோடு கிடக்கும்.

நாளை வேலை செய்யப் போகிறவன் என் சக பொறியாளன். சுருக்கென்று கோபப்பட்டு உடனே அணைந்துவிடுவதால் அவனுக்கு ஃபியூஸ் என்று பெயர். ஆறு மணிக்கே போய் நானே சரிசெய்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன். முடியாது. பழைய ரிலேக்கு வாய் கிடையாது. புதியது டைரி எழுதும். யார் கை வைத்தார்கள், எத்தனை மணிக்கு என்று நொடிக்கணக்கோடு குறித்துக்கொள்ளும். சரி, ஃபியூஸிடமே பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால்? மொட்டை மாடிக்குப் போய்ப் போன் போட்டேன். நாளைக்கு ஆரம்பிக்கும் முன் முதல் ரிலேயையும் ஒரு பார்வை பார்த்துவிடு தம்பி என்றேன், வானிலை பேசுகிற தொனியில்.

அவனுக்குச் சுருக்கென்று வந்தது. “அண்ணே, நீங்க கையெழுத்து போட்ட ரிலேய நான் போய் சரியா இருக்கான்னு பாக்கணுமா? என்னைய என்னன்னு நெனச்சீங்க?” உடனே அணைந்தும் போனான். “நீங்க நிம்மதியா இருங்கண்ணே.”

நிம்மதியாக இருக்கச் சொன்ன ஒரு வார்த்தை அவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது.

கீழே வந்து மனைவியிடம் உள்ளதைச் சொன்னேன். சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டாள். பதிவேட்டு அறை என்றேன். அடுத்த தேர்வு ஏழு மாதம் கழித்து. அதற்குள் புது நிலையத்தில் எனக்கென்று நாற்காலியே இருக்காது. அவள் கத்தரியை மேஜைமேல் வைத்தாள்.

“நான் அந்த பட்டன அமுக்கியிருக்கக் கூடாது” என்றாள்.

தூங்கினவன் நான், மறந்தவன் நான், பொய் சொன்னவனும் நான். இவ்வளவுக்கும் பழியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்ள ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். என் வாய்க்கு எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும். அன்று வரவில்லை. அவள் எதிரிலேயே மேடத்துக்குப் போன் போட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். வடக்குப் பாதை முதல் ரிலே டெஸ்ட் மோடில் நிற்கிறது, நான் எடுக்கவில்லை.

“நிச்சயமா தெரியுமா சார்?”

“எடுத்த ஞாபகம் இல்ல மேடம்.”

“ஆறாவது பாடத்துல அழுத்தி சொல்லியிருக்காங்களே. நீங்க தொண்ணூத்தி நாலு மார்க் வாங்கியிருக்கீங்க.”

“அது எங்க வீட்ல வாங்கினது.”

விளக்கினேன். பட்டன், தையல் மெஷின், தாலாட்டு, எல்லாம். அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சிரிப்பா, பெருமூச்சா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அரை மணியில் வண்டி வரும், கிளம்பி நில்லுங்கள் என்றார்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் எச்சரிக்கைகள் மஞ்சள் மஞ்சளாக நாற்பத்தோரு வரிகள். புது நிலையம் அல்லவா, தினமும் இப்படித்தான் ஏதாவது மஞ்சள் காட்டிக்கொண்டே இருக்கும் என்றார் பணியிலிருந்தவர். இருபத்தாறாவது வரியில் எங்கள் ரிலே, ‘சோதனையில்’ என்று காலையிலிருந்து அடக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அனுமதி வாங்கிக்கொண்டு ரிலே அறைக்குப் போனோம். மேடம் அருகில் நிற்க, நான்தான் மோடை மாற்றினேன். ஒரே தொடுகை. வரி மறைந்தது. பிரேக்கரின் பெட்டி இனி இதன் பேச்சைக் கேட்கிறதா என்பதையும் திரையில் பார்த்து உறுதி செய்துகொண்டோம். ஃபியூஸை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவன் அதிசயமாகக் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

திரும்பும் வழியில்தான் மேடம் பேச்சை எடுத்தார். உங்களைத் தேர்ச்சி பெறச் செய்ய முடியாது என்றார். தெரியும் என்றேன். பயிற்சி மார்க்கையும் ரத்து செய்தாக வேண்டும். அதுவும் தெரியும் என்றேன். பாலத்தைத் தாண்டிய பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நானும் கதவப் பாத்துதான் சார் கையெழுத்து போட்டேன். திரைய பாக்கல. அதையும் சேத்து எழுதணும்.”

உங்கள் பெயர் எதற்கு, கதையை என்னோடு முடித்துக்கொள்ளலாம் என்றேன். பெருந்தன்மை மாதிரி இருக்கட்டுமே என்று. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மறந்தால் அது மறதி, இரண்டு பேர் ஒரே மாதிரி மறந்தால் அதைப் பற்றி ஊருக்கே சொல்ல வேண்டும் என்றார். நானே எழுதித்தர வேண்டும், என் பாணியிலேயே எழுதினாலும் பரவாயில்லை என்றார்.

இரண்டு பக்கம் எழுதினேன். சிவப்புக் கைப்பிடியைப் பற்றி, கதவைப் பற்றி, இருபத்தெட்டு வருஷச் சட்டத்தைப் பற்றி. மேடம் தன் பங்குக்கு ஒரு பத்தி சேர்த்து, என் பெயரையும் மேஜைத் தொலைபேசி எண்ணையும் அடியில் போட்டு, எல்லாக் கோட்டங்களுக்கும் அனுப்பினார். அடுத்த திங்களிலிருந்து நான் பதிவேட்டு அறையில். மாலையில் வீட்டில் பாடம், முதலிலிருந்து. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். கை மட்டும் வைக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். நான் தப்பான விடையைத் தொடப்போகும்போது மட்டும் லேசாகச் செருமுவாள். அதற்கும் தடை போட வேண்டியதாயிற்று.

மூன்றாவது வாரம் ஒரு மதியம் மேஜைத் தொலைபேசி அடித்தது. வேறு கோட்டத்துப் பொறியாளர், நான் பார்த்தறியாதவர். அந்த அறிக்கையை எழுதியது நான்தானா என்று கேட்டார். ஆமாம், ஆனால் ரிலே பற்றி ஆலோசனை என்றால் தேறியவர்கள் இருக்கிறார்கள், எண் தருகிறேன் என்றேன்.

“இல்ல சார், உங்ககிட்டதான். இன்னிக்குப் போய் பாத்தேன். எங்க ஸ்டேஷன்ல ரெண்டு ரிலே அப்படியே டெஸ்ட்ல நிக்குது. மூணு மாசமா. ஒண்ணுல என் கையெழுத்து இருக்கு.”

யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.

“சொன்னா என்ன சார் ஆகும்?”

நான் என்னைச் சுற்றிப் பார்த்தேன். உத்தரம் வரை அடுக்கிய வரைபடச் சுருள்கள், தூசி, வெயில் விழுகிற ஒரே ஒரு ஜன்னல். பொய் சொல்லவும் மனசில்லை, பயமுறுத்தவும் மனசில்லை.

“என்னைய மாதிரி ஒரு ரூம்ல வந்து உக்காரணும். ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும். மத்தபடி சோறு எறங்குது, தூக்கம் வருது” என்றேன். “முதல்ல கண்ட்ரோல் ரூமுக்கு போன் பண்ணுங்க தம்பி. நான் லைன்லயே இருக்கேன்.”

அவர் இன்னொரு தொலைபேசியை எடுக்கும் சத்தம் கேட்டது. எண்களை அழுத்தினார். தன் பெயரையும் பதவியையும் சொன்னார். குரல் முதல் வார்த்தையில் மட்டும் தடுமாறியது.