மூடாத கேட்

நான் மெதுவாகத்தான் ஓடுவேன். அதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் எங்கள் தொழிற்சாலை விளையாட்டு விழாவில் ஐந்து மைல் ஓடி முடித்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கழற்றிய கேன்வாஸ் ஷூவை எட்டு மாதம் தொடவில்லை.

இந்த வருடம் பத்து மைல் என்று அறிவித்ததும் என் மனைவி புஷ்பா அதைத் துவைத்து ஜன்னலில் காயவைத்தாள். "பந்தலப் பிரிச்சா பிரிக்கட்டும். நீங்க வர்ற வரைக்கும் நான் நிப்பேன்" என்றாள்.

தினமும் விடியற்காலையில் பயிற்சிக்காகக் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பி, பட்டாபிராம் ரயில்வே கேட்டைத் தாண்டி ஓடிப் போய்த் திரும்புவேன். நான் போகும் நேரம், ஐந்தே முக்கால் ரயிலுக்காகக் கேட் மூடியிருக்கும். நின்று மூச்சு வாங்குவேன். தாமதத்துக்கு ரயில்வேக்காரனைத் திட்டிக்கொள்வேன்.

நேற்றும் அங்கே நின்று, முழங்காலைப் பிடித்துக் குனிந்து மூச்சு வாங்கினேன். கேட்கீப்பர் கோவிந்தன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், நின்னுகினு கீறே?"

"ரயில் போகட்டும்."

"கேட்டே இன்னும் போடல சார். நீதான் இன்னிக்கி சீக்கிரம் வந்துட்டே. போ."

நிமிர்ந்து பார்த்தேன். கேட் வானத்தைப் பார்த்து நின்றிருந்தது.

தண்டவாளத்தைத் தாண்டினேன். சற்று நேரத்தில் முதுகுக்குப் பின்னால் மணி அடித்து, கேட் இறங்கியது. இனி நிற்பதற்கு ஒரு சாக்கும் இல்லை. ரயிலை முந்தியதைத் திரும்பிப் போய்ப் புஷ்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி ஓடினேன். மெதுவாகத்தான்.