தந்தியில் பாதி

ஐரினின் அண்ணன் லூயிஸ் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் இரண்டு தடவை தோற்றவன். பிறகு பட்டாளத்தில் சேர்ந்து, லாரி ஓட்டப் பர்மாவுக்குப் போனான். அவன் திக்கித் திக்கிக் கவிதை படிக்கும்போதெல்லாம் ஐரின் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். சாந்தோமில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதும் ஆறாம் பாரத்தில் படித்த அவளுக்கு ஆங்கிலக் கவிதை தண்ணீர் பட்ட பாடு.

1945 மார்ச். பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது தந்தி வந்தது. அம்மா வெரோனிகா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா போட்டுகீது, படிடி!"

காணவில்லை என்று இருந்தது. இறந்திருப்பதாக நம்பப்படுகிறது என்றும் இருந்தது. ஐரினுக்கு முதல் பாதிதான் வாயில் வந்தது.

"அண்ணனைக் காணோமாம்மா."

"காணோம்னா தேடுவாங்கதானே?"

"தேடுவாங்கம்மா."

வெரோனிகா ஈரக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்பா பவுல்சாமிக்குத் துறைமுகத்தில் வேலை. மறுநாள் தந்தியைச் சட்டைப்பையில் எடுத்துப் போனார். சாயங்காலம் கிணற்றடியில் ஐரினைத் தனியாக நிறுத்தினார்.

"குமாஸ்தா சந்திரமௌலிகிட்ட காட்டினேன். முழுசும் படிச்சுட்டாரு. அம்மாவுக்கு நீ சொன்னதே இருக்கட்டும்."

"நான் பரீட்சைக்குப் போவல நைனா."

"போ. அவன் இருந்தா உட்டிருப்பானா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வினாத்தாளில் ஓர் இரங்கற்பாவைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். நண்பனை இழந்த கவிஞன் எப்படி ஆறுதல் அடைகிறான்? காலமும் விசுவாசமும் துயரை ஆற்றும் என்று வகுப்பில் எழுதிப்போட்டதை ஐரின் மூன்று பக்கம் எழுதினாள். ஒரு வரியைக்கூட அவள் நம்பவில்லை.

பள்ளியிலேயே அவள்தான் இங்கிலீஷில் முதல். அம்மா வீடு வீடாகக் கற்கண்டு கொடுத்தாள். "லூயிசு வந்தா தலகால் புரியாம ஆடுவான்" என்றாள். ஐரின் பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டாள்.

ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது. பக்கத்துத் தெருப் பையன்கள் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். வெரோனிகா அவர்களிடம் எதுவும் விசாரிக்கவில்லை. அது ஐரினுக்கு விசித்திரமாகப் பட்டது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் பூசைக்கு, கோவிலில் சாமியார் இறந்தவர்களின் பெயர்களை எழுதி வாங்கினார். வெரோனிகா தன் தாய், தகப்பன் பெயர்களைச் சொன்னாள்.

"லூயிசு பேரையும் எழுதிக்கோங்க சாமி."

ஐரின் அவள் கையைப் பிடித்தாள். "அம்மா, உனக்கு யாரு சொன்னது?"

"உங்க நைனா தூக்கத்துல அழுவுறாரு. வேற யாரு சொல்லணும்?"

"நான்தாம்மா மறைச்சேன்."

"தெரியும். பரீட்ச முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் கேக்க பயமாப் பூட்ச்சு."

பின்னால் வரிசை காத்திருந்தது. இருவரும் ஒதுங்கி, மணல் மிதித்து வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் வெரோனிகா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதமாக அழாததை அங்கே அழுதாள்.