நான்காம் பங்கின் வீடு

போர் முடிந்த மறுநாள் காலை, ஃபாக்லாந்துத் தீவுகளின் பிரயர் கோவ் குடியிருப்பில் டக்ளஸ் மக்ரேயின் வீடு கடலை நோக்கி நகரத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஒரு கஜம். தகரக் கூரையும் மரச்சுவர்களும் கொண்ட அந்த வீட்டில் தேநீர்க் கோப்பைகூட அதிரவில்லை. துணி காயப்போடும் கொடி மட்டும் பின்தங்கிவிட்டதால், அவன் மனைவி ஈனிட் திங்கட்கிழமைதோறும் ஈரத்துணியோடு கொஞ்சம் கூடுதல் தூரம் நடந்தாள். படைகள் போயின, கம்பளி விலை இறங்கியது, வீட்டுக்கும் கடற்கரைக்கும் நடுவே புதைக்கப்பட்டிருந்த கண்ணிவெடிகள் அப்படியே கிடந்தன. சேறான கரிமண்ணுக்குள் அவை இடம் மாறுகின்றன, எடுக்க முடியாது என்று சொல்லி ராணுவத்தார் முள்வேலி போட்டுவிட்டுப் போனார்கள்.

அக்டோபரில், தீவுகளின் பொருளாதாரத்துக்குத் திட்டம் எழுத லண்டனிலிருந்து ஹால்ஸ்டெட் வந்தார். அவர்கள் வேலை பார்த்த கம்பெனி ஆட்டுப் பண்ணையை ஐந்து பங்காக்கி மேய்ப்பர்களுக்கே கொடுக்காவிட்டால் பத்து வருடத்தில் தீவில் ஆளிருக்காது என்றார். நான்காம் பங்கு மக்ரே தம்பதிக்கு. ஒரே நிபந்தனை, பங்கிலுள்ள வீட்டில் குடும்பம் வசிக்க வேண்டும். வீடு காலியானால் நிலமும் போய்விடும். பிறகு அவர் நாடாவால் அளந்து, பிப்ரவரி ஒன்பதாம் தேதி வீடு வேலியைத் தொடும் என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“நிபந்தனையை மாத்தி எழுதிடுங்களேன் சார்” என்றான் டக்ளஸ்.

“மூணு கமிட்டி ஒத்துக்கிட்டாச்சு. இப்பப் போய்க் கேட்டா மொத்தத்தையும் மூடிடுவாங்க.”

“அப்ப நியூசிலாந்துக்கே போயிடலாம் ஈனிட். அங்க வீடெல்லாம் வெச்ச இடத்துல நிக்கும்.”

“இருபது வருஷமா அடுத்தவன் ஆட்டுக்குக் கம்பளி கத்தரிச்சோம்” என்றாள் ஈனிட். “இப்பத்தான் நம்ம ஆடுன்னு ஒண்ணு வரப்போகுது. நீ வேணா போ. உன் சமையலை நீயே சாப்பிட்டு ஒரு வாரத்துல திரும்பிடுவ.”

பெங்குவின்கள் தினமும் அந்த நிலத்தைக் கடந்து கடலுக்குப் போய்வந்தன. எடை போதாததால் வெடிகள் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. ஈனிட் வேலியோரம் நின்று ஒரு மதியம் முழுக்க அதைப் பார்த்தாள். மறுநாள் குடியிருப்பே கூடி அடுப்பு, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் வெளியே சுமந்தது. அவளோடு ஒரு கம்பளிப் போர்வை, ரொட்டி, உப்பிட்ட இறைச்சி, ஒரு வாணலி, பேசவும் கேட்கவும் முடிகிற வானொலிப் பெட்டி மட்டும் உள்ளே இருந்தன. டக்ளஸும் ஏறப்போனான். “உன் தொப்பையோட வந்தா முதல் நாளே வெடிச்சிடும்” என்று அவனை இறக்கிவிட்டாள்.

ஒன்பதாம் தேதி வேலி விலகி வழிவிட்டது. காற்றிரைச்சலில் குரல் எட்டாததால், தினமும் காலை ஒன்பது மணிக்கு டக்ளஸ் வானொலியில் கூப்பிடுவான், தீவுகளின் அத்தனை சமையலறைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும்.

“ஈனிட், இருக்கியா?”

“எங்க போயிடுவேன்? ஆடுகளை மேய்ச்சல் மாத்தினியா?”

இருபத்தாறாம் நாள் பதில் வரவில்லை. சற்று நேரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. பால் பொங்கி வழிந்ததை எந்த வீட்டிலும் யாரும் கவனிக்கவில்லை. டக்ளஸ் ஒரு காலை வேலிக்கு அப்பால் போட்டுவிட்டான்; ஹால்ஸ்டெட் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்தார். புகை விலகியபோது, தொலைவில் செத்துக் கிடந்தது வழிதவறிய பசு. ஜன்னலில் ஈனிட் வாணலியைத் தட்டிக்கொண்டிருந்தாள். வானொலிப் பெட்டியின் பேட்டரி தீர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு தினமும் ஒன்பது மணிக்கு வாணலிச் சத்தம் மட்டுமே. டக்ளஸ் அதை எண்ணி எண்ணி மெலிந்தான். நாற்பத்தொன்றாம் நாள் வீடு மணல் கரையில் போய் நின்றது. டக்ளஸ் கடல் வழியாகப் படகில் சுற்றிவந்து, தன் வீட்டுக் கதவையே தட்டினான். அவள் திறந்தாள்.

“உள்ள வாயேன், குளிருது” என்றாள்.

ஹால்ஸ்டெட் படிவத்தில் ‘குடும்பம் வசிக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். நிலம் அவர்களுடையதாயிற்று. சில வருடங்களில் மீன்பிடி உரிமங்கள் வந்தன, கணவாய் மீன் பிடிக்கும் கப்பல்கள் வந்தன, அந்தக் கரையில் மக்ரேக்கள் மாலுமிகளுக்கு இறைச்சி விற்றார்கள். பிறகு வீடு மறுபடி கிளம்பியது, இம்முறை கரையோடு வடக்கே, மெதுவாக. வரைபட அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, வீட்டை நிரந்தரமாக எந்த இடத்தில் குறிப்பது என்று கேட்டார்.

“பென்சில்ல போட்டுக்கோங்க” என்றாள் ஈனிட்.

அப்படியே போட்டுக்கொண்டார்கள்.