பூட்டின் பக்கத்துப் பெயர்

சிங்காநல்லூரில் பூட்டு ஆடியவர்கள் என்று மூன்று பேரைச் சொல்வார்கள். சூலூர் கதிர்வேல், துடியலூர் அரங்கசாமி, அப்புறம் என் தம்பி ஆரோன். அதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான்காவதாக ஒரு ஆள் உண்டு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் கண்ணையா என்பவர் வீடியோ கேம்ஸ் கடை நடத்தினார். அங்கே ஒரு சண்டை மெஷின் இருந்தது. திரையில் இரண்டு பேர் மோதுவார்கள். மூன்று சுற்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். மொத்தம் எட்டுச் சண்டைக்காரர்கள். அவர்களில் ஒருவன் மஞ்சள் கால்சட்டை போட்ட மொட்டைத்தலையன். நடப்பதற்கே சோம்பல்படுவான். ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் எவனாவது வந்துவிட்டால் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தரையில் அறைவான். பிடித்தால் விடமாட்டான் என்பதால் பையன்கள் அவனுக்குப் பூட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சிலேட்டு தொங்கும். அதில் எட்டுச் சண்டைக்காரர்களின் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவனை ஆடுகிறவரின் பெயர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் மற்றவர்கள் அவனைத் தொடக் கூடாது. பூட்டு வேண்டும் என்றால், இரண்டு பேரும் பூட்டையே எடுத்து மோதி, பெயருக்கு உரியவரை ஜெயிக்க வேண்டும். சமமாக முடிந்தால் பழைய பெயரே நிற்கும். மூன்று ஞாயிறு வராதவர் பெயரை அழித்துவிடலாம்; நோயில் படுத்திருக்கும் நாட்கள் கணக்கில் சேராது. கண்ணையா போட்ட சட்டம் இது.

யாரும் சீண்டாத பூட்டை முதலில் எடுத்தவர் கதிர்வேல். அவரிடமிருந்து அரங்கசாமி பிடுங்கினார். அரங்கசாமியிடமிருந்து ஆரோன். அதன் பிறகு இரண்டு வருஷம் அந்த இடத்தில் சாக்பீஸ் படவில்லை. பம்ப்செட் பட்டறையில் வலது கை விரல்கள் இரண்டைப் பறிகொடுத்தவன் அவன்.

தொண்ணூற்றைந்து மே மாதம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கட்டிலை விட்டு எழ முடியவில்லை. ஒரு பலகையில் ஆறு சோடா மூடிகளை ஆணியடிக்கச் சொன்னான். இடது ஓரத்தில் ஒரு மரக்குச்சியை ஆடும்படி பொருத்தச் சொன்னான். அதுதான் மெஷினின் கைப்பிடி, மூடிகள் பொத்தான்கள்.

"எனக்குப் பொழுது போகோணும்க்கா. நீ ஆடு, நான் சொல்றேன்."

முதலில் அவனே ஒருமுறை கை வைத்துக் காட்டினான். அப்படியே நான் வைத்தேன். குச்சியை ஒரு முழு வட்டம் சுற்றி மூடியை அழுத்துவது பிடி. சுற்று தாமதமானால் கட்டில் சட்டத்தில் தட்டுவான். ஆறு வாரம் தட்டினான். ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: "நீயாப் போகாதக்கா. அவன் வரட்டும்னு நில்லு."

ஜூலை முதல் வாரத்தில் போய்விட்டான். இருபத்து மூன்று வயது.

மூன்றாவது சனிக்கிழமை கிருபாசங்கர் வீட்டுக்கு வந்தான். நூல் மில் வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். பூட்டுக்காக ஆரோனிடம் ஏழு முறை தோற்றவன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான்.

"அக்கா, நாளையோட மூணு ஞாயிறு ஆகுதுங்க. ஆரோன் பேரை அழிச்சுப்போட்டு என் பேரை எழுதிக்கறேனுங்க. சொல்லாமச் செஞ்சா மரியாதையா இருக்காதுங்களே."

வைதிருந்தால் அழுதிருப்பேன். அந்த மரியாதைதான் என்னை எழுப்பியது.

"அவன் பேருக்கு ஆள் வந்தா அழிக்க முடியாதல்லங்க?"

"ஆளு ஏதுங்க அக்கா?"

"நான் வாரேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டான். "வாங்க அக்கா. குடிக்கக் கலர் வாங்கி வெச்சிருக்கறேனுங்க."

மறுநாள் ஆராதனை முடிந்து, ஆலயத்துக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு அந்த மாடிப்படி ஏறினேன். பெண்கள் யாரும் ஏறியதில்லை. கிருபாசங்கர் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துத் தயாராக வைத்திருந்தான், சிலேட்டைத் துடைக்க.

"அம்மணிக்கு ஒரு ஸ்டூல் போடுங்கப்பா" என்றான் ஒருவன். இன்னொருவன், "ஸ்டூல் எதுக்குங்க, ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும்" என்றான்.

மெஷின் முன்னால் நின்று கைகளை வைத்தேன். சிரிப்பு நின்றது.

கண்ணையா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "ஆரோன் நிக்கற மாதிரியே நிக்கறீங்களே அம்மணி."

"வேற எப்படிங்க நிக்கறது?"

பக்கத்தில் கிருபாசங்கரின் கைகளைப் பார்த்தேன். இடது கை கைப்பிடியில், வலது கை பொத்தான்களில் இருந்தது. என் கைகளோ ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகக் கிடந்தன. விரல் போன கையால் பொத்தான்களைத் தட்ட முடியாமல், கைப்பிடியை வலது கைக்குக் கொடுத்துவிட்டு, எட்டி இடது கையால் தட்டியிருக்கிறான் ஆரோன். எல்லோரும் இப்படித்தான் ஆடுவார்கள் என்று நினைத்து நான் பழகியிருந்தேன். அவனும் சொல்லவில்லை.

"கையை மாத்திக்குங்க அக்கா" என்றான் கிருபாசங்கர்.

"இருக்கட்டுங்க."

முதல் சுற்றில் தோற்றேன். திரையை அன்றுதான் பார்க்கிறேன். எந்த மொட்டைத்தலையன் என்னுடையவன் என்று புரிவதற்குள் மூன்று முறை தரையில் அறைந்துவிட்டான்.

இரண்டாவது சுற்றில் நகரவில்லை. "அக்கா தூங்கிட்டாங்க" என்றான் ஒருவன். கிருபாசங்கர் சிரித்தபடியே நெருங்கி வந்தான். ஆரோன் இருந்தால் கட்டில் சட்டத்தில் தட்டுவதற்கு முந்தின கணத்தில் சுற்றினேன். அவன் ஆள் தலைகீழாக விழுந்தான். எழுந்து வந்தான், மறுபடி விழுந்தான். அந்தச் சுற்று எனக்கு.

மூன்றாவதில் அவனும் நின்றுவிட்டான். திரையின் மேலே தொண்ணூற்றொன்பதிலிருந்து எண் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு பூட்டுகளும் மூச்சு வாங்கியபடி எதிரெதிரே நின்றன. யாரும் அசையாவிட்டால் சமம். சமம் என்றால் ஆரோன் பெயர் நிற்கும். எனக்கு ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. நின்றால் போதும்.

"வாங்க அக்கா" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நான் எதுக்குங்க வரோணும்? நீங்கதானே பேரு கேட்டு வந்தீங்க."

நாற்பது. இருபது. கைகள் குறுக்கே கிடந்து தோள் கடுத்தது. எடுக்கவில்லை. பத்தில் அவன் பொறுமை போயிற்று, தாவினான். என் கை வட்டத்தை முடித்திருந்தது. இரண்டு முறை பிடித்தேன். எண் சுழியத்துக்கு வந்தபோது, மிச்சமிருக்கும் உயிரைக் காட்டும் கோட்டில் அவனுக்குப் பாதி இல்லை, என்னுடையது முழுசாக இருந்தது.

யாரும் கை தட்டவில்லை. நான் அதற்காகப் போகவுமில்லை.

கண்ணையா சாக்பீஸை எடுத்து ஆரோன் பெயர் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினார். "உங்க பேரையும் எழுதட்டுங்களா?"

"அவன் பேருக்கப்புறம் அக்கான்னு போடுங்க."

அந்த மெஷினை விற்கும் வரை, பதினோரு மாதம், ஒவ்வொரு ஞாயிறும் போனேன். 'ஆரோன் அக்கா' என்பதை யாராலும் அழிக்க முடியவில்லை. மூன்று பேர் என்று சொல்கிறவர்கள் அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று கிருபாசங்கர் நனைத்த கைக்குட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். படி இறங்கும் முன் அவனிடம் சொன்னேன்:

"மூஞ்சியத் தொடச்சுக்குங்க தம்பி. வேர்த்திருக்குதுங்க."