ஆர்கானிக் இல்லாத மாத்திரை

ஷ்யாம்சுந்தர் தங்கமான மனுஷன்தான். ஆனால் ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் இறக்கவே முடியாது. மனைவி ஸ்ம்ருதி மறுபடி உண்டானதிலிருந்து அவன் மண்டையில் ஏறியிருப்பது ஆர்கானிக். கிழக்குத் தாம்பரம் ஃபிளாட்டில் அரிசி, பருப்பு, பல்பொடி வரை எல்லாம் ஆர்கானிக் கடைப் பாக்கெட்தான். மார்க்கெட் பக்கம் அவன் தலைவைத்தும் படுப்பதில்லை.

ஸ்ம்ருதி கிண்டியில் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். ஆர்கானிக் உப்பு என்று ஒரு பாக்கெட் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் அவன் போக்கிலேயே விட்டுவிட்டாள். போன வருஷம் மூன்றாம் மாதத்திலேயே கரு கலைந்த வீடு. அவன் பயம் அவனுக்கு.

இன்று டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்து முகம் சுளித்தார். “அயர்ன் மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?”

வீட்டுக்கு வந்ததும், தினமும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அவனிடமே ஸ்ம்ருதி அதைக் கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான். மாத்திரையைப் பீரோ மேல் ஒளித்துவிட்டு, கம்பெனி மாறிவிட்டது என்று சொல்லி முருங்கைப்பொடி கேப்ஸ்யூலைக் கொடுத்துவந்திருக்கிறான், மகாராசன்!

“அது இனார்கானிக் அயர்ன்னு நெட்ல போட்டிருந்தான், ஸ்மிரு.”

“அறிவிருக்கா உனக்கு? கடைப் பாக்கெட்ல ஆர்கானிக் இல்லன்னா, ரசாயன உரம், பூச்சிமருந்து போட்டு விளைஞ்சிருக்கலாம்னு அர்த்தம். கெமிஸ்ட்ரில இனார்கானிக்னா வேற, கார்பன் சேர்மம் இல்லன்னு அர்த்தம். நீ குடிக்கற தண்ணி இனார்கானிக், உப்பு இனார்கானிக். அதெல்லாம் விஷமா?”

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். “போன தடவை தினமும் மார்க்கெட் கீரை வாங்கிட்டு வந்து குடுத்தது நான்தானே? சரியா கூட அலசல. அதான் குழந்தை...” குரல் உடைந்தது.

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. “யார் மேலயும் தப்பில்லன்னு டாக்டர் சொன்னாங்களே!”

“உன் மனசு ஆறட்டும்னு சொல்றாங்கன்னு நெனச்சேன்.”

அவன் மனசு ஆறத்தான் சொல்கிறார்கள் என்று ஸ்ம்ருதியும் நினைத்திருந்தாள். அவன் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். “அன்னைக்கு ட்ரெயினைப் பிடிக்க ஸ்டேஷன் படியில ஓடினேன், ஷ்யாம். அதனாலதான்னு நான்...”

“பைத்தியமே! ஓடினதுக்கெல்லாம் கலையுமா?”

“கீரை தின்னா மட்டும் கலையுமா?”

ஒரே கட்டிலில் படுத்து எழுந்தும், ஆளுக்கொரு பழியைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள் பாவம். அவன் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டான். போன குழந்தைக்காக இருவரும் இன்றுதான் முதன்முதலாகச் சேர்ந்து அழுதார்கள்.